சாம்பிள் ராசப்பனும் கனம் குறைந்த லினக்ஸும்

எதையுமே தொடங்காமல் எல்லாவற்றிலும் அனுபவசாலி ஆகிவிட முடியுமா?

ராசப்பனின் வாழ்க்கை ஐம்பது வயதைத் தாண்டியும் இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, முடியும் என்றே தோன்றியிருக்கும். அருகிலிருந்து பார்த்தவர் அவருடைய மனைவி கோமளா ஒருவர்தான். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

திருப்பூரை அடுத்த அருள்புரத்தில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனுக்கு ராசப்பன் பொறுப்பாளர். திருப்பூரில் ஒரு பனியன் நினைத்தவுடன் பிறந்துவிடாது. முதலில் ஒரே ஒரு சாம்பிள் தைத்து வாங்குகிற வெளிநாட்டுக்காரருக்கு, அதாவது பையருக்கு அனுப்ப வேண்டும். அவர் அளந்து பார்த்து, கழுத்து அரை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது, தோள் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று ‘கமென்ட்ஸ்’ எழுதுவார். திருத்தி இன்னொன்று போகும். அதற்கும் கமென்ட்ஸ் வரும். இப்படிப் போய்வந்து ஒருநாள் ‘அப்ரூவ்டு’ என்று கையெழுத்து விழும். அதன் பிறகுதான் பல்க், அதாவது ஆயிரக்கணக்கில் தைக்கிற நிஜ வேலை. ராசப்பன் அந்தக் கையெழுத்துக்கு இந்தப் பக்கத்திலேயே வாழ்ந்தவர். அந்தப் பக்கம் நடக்கிற நூல் அறுவது, சாயம் மாறுவது, கப்பல் தவறுவது, முதலாளி கத்துவது எல்லாம் புரொடக்‌ஷன்காரர்களின் பாடு. ராசப்பனின் செக்‌ஷனில் இதுவரை ஒரு தப்பும் நடந்ததில்லை. எதுவும் நடந்தால்தானே தப்பு நடப்பதற்கு.

சாம்பிளோடு போகிற அட்டையில், சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் மெர்ச்சண்டைசரைக் கூப்பிட்டு, பையரிடம் பேசுவது நீங்கள்தானுங்களே, நீங்களே ஒருக்கா பார்த்துப் போட்டுவிடுங்களேன் என்பார். கேட்பவருக்கு அது மரியாதையாகத் தெரியும். பொறுப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வலிக்காமல் மாற்றுவதற்குக் கொங்கு நாட்டு ‘ங்க’வைப் போல வசதியான வாகனம் வேறில்லை.

வேலையைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வருகிற பழக்கமும் அவருக்கு இல்லை. ரசத்தை வாயில் வைத்ததும் புளி அரை சென்டிமீட்டர் அதிகம் என்பார். கோமளா அடுத்த நாள் திருத்திய ரசத்தை வைத்தால், ‘இப்பப் பரவால்லை, ஆனா மிளகு கொஞ்சம் டாலரன்ஸ் தாண்டுது’ என்பார். கூடக்குறைய இருக்கலாம் என்று விடுகிற எல்லைக்குக் கம்பெனியில் அந்தப் பெயர். நன்றாக இருக்கிறது என்று சொன்னதே கிடையாது. சொல்லிவிட்டால் அது முடிவாகிவிடும். அவருடைய கல்யாணமே இந்த வழியில் நின்றுபோக வேண்டியது. மூலனூருக்குப் பெண் பார்க்கப் போய்விட்டு, பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வந்து பல மாதம் யோசித்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா ஆத்தப்பன் பொறுமை தீர்ந்து, தானே போய்த் தட்டு மாற்றிவிட்டு வந்தார். ஆக, கோமளாவையும் அப்ரூவ் செய்தது வேறொருவர்தான்.

சாத்தியம் என்பதைப் பற்றித் தத்துவ நூல்கள் நிறையப் பேசுகின்றன. ஒருவன் அதிலேயே குடியிருந்தால் வாடகையை யார் கட்டுகிறார்கள் என்று அவை சொல்வதில்லை. பெரும்பாலும் வீட்டிலுள்ள இன்னொருவர்தான் கட்டுகிறார்.

கோமளா அதே கம்பெனியில் சாம்பிள் டெய்லராக இருந்தவர். நல்ல கை. மற்றவர்களுக்கு மூன்று முறை திரும்பி வருகிற உருப்படி அவருக்கு ஒருமுறை வந்தாலே அதிசயம். படியேறி இறங்கி முட்டி தேய்ந்துபோனதால் வேலையை விட்டார். அதன் பிறகு அவருக்கு இருந்த ஆசை ஒன்றுதான். வீட்டின் முன்னறையில் சொந்தமாக ஒரு சின்ன சாம்பிள் யூனிட். அவருடைய அண்ணன் தன் தையல் யூனிட்டை மூடியபோது, மிஞ்சிய ஓர் ஓவர்லாக் மெஷினையும் ஒரு பேட்லாக் மெஷினையும் ஒரு சிங்கர் மெஷினையும் தங்கைக்குக் கொடுத்து அனுப்பினார். அவை முன்னறையில் பழைய சேலை போர்த்தி நின்றன. வருகிறவர்கள் அவற்றின் மேல் ஹெல்மெட் வைத்தார்கள். தொடங்கலாமா என்று கோமளா கேட்டபோதெல்லாம், அவசரப்பட வேண்டாம், முதலில் கொஞ்சம் பார்க்கலாம் என்றார் ராசப்பன். பார்ப்பதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை.

அந்த நேரத்தில்தான் அனுசுயா வந்தார். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண். இப்போது வெளிநாட்டுப் பையர்களுக்காக ஆர்டர் கவனிக்கும் ஒரு பையிங் ஆபீசில் மெர்ச்சண்டைசர். கோமளாவின் கையைப் பழைய நாட்களிலிருந்தே அறிந்தவர். குழந்தைகள் உடுப்புக்கு நிறைய சாம்பிள் தைக்க வேண்டியிருக்கிறது, முதல் செட்டை ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் தொடர்ந்து வேலை வரும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. டிசைன் மெயிலில்தான் வரும். தைத்து அளந்த அளவுகளை அட்டவணையில் அடித்து மெயிலில்தான் திருப்பி அனுப்ப வேண்டும்.

“போன்ல போட்டோ எடுத்து அனுப்புற சோலியெல்லாம் எங்க ஆபீசுல எடுபடாதுக்கா. ஷீட்டுல போட்டு மெயில்ல வந்துரணும். இல்லைன்னா அங்கிட்டுப் பல்லடத்துல ஒரு ஆளு ரெடியா நிக்கிறாக, அவுககிட்டக் குடுத்துருவாக.”

போனிலேயே அடித்துப் பார்த்தார் கோமளா. மார்பளவு நழுவிப்போய்க் கைநீளத்தின் கட்டத்தில் உட்கார்ந்துகொண்டது. பிரவுசிங் சென்டருக்குப் போகலாமென்றால், பையரின் டிசைனை வெளியிடத்தில் திறந்தால் தன் வேலைக்கே ஆபத்து என்றார் அனுசுயா. அப்போதுதான் இருவருக்கும் லேப்டாப்பின் நினைவு வந்தது.

அந்த லேப்டாப்பும் ஒரு சாம்பிள்தான். மகள் தேஜஸ்ரீ கல்லூரியில் சேர்ந்தபோது, பெரியது வாங்குவதற்கு முன் சின்னதில் ஒன்று வாங்கிப் பழகட்டும் என்று, கடையில் இருந்ததிலேயே சின்னதை ராசப்பன் வாங்கினார். மடித்தால் டிபன் பாக்ஸ் போல இருக்கும். கீபோர்டில் இரண்டு விரலுக்கு மேல் வைக்க இடமில்லை. பெரியது வரவேயில்லை. மகள் படித்து முடித்து, பெங்களூரில் வேலைக்குப் போய், முதல் சம்பளத்தில் பெரியதைத் தானே வாங்கிக்கொண்டாள். சின்னது அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. எடுத்துத் தட்டினார்கள். அது விழித்துக்கொள்வதற்குள் கோமளா அரிசி களைந்து உலையேற்றிவிட்டு வந்தார். சோறு வெந்த பிறகும் திரையின் நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

கம்பெனியில் அருள்செல்வன் என்பவர் இருந்தார். ஐ.டி. டிபார்ட்மென்ட் என்று கதவில் எழுதியிருக்கும். உள்ளே அவரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் மட்டும் இருப்பார்கள். பிரின்டரில் பேப்பர் சிக்கினால் எடுப்பது அவருடைய முக்கியப் பணி. ராசப்பன் விஷயத்தைச் சொன்னதும், தன் கல்விக்குக் கடைசியில் ஒரு வேலை வந்துவிட்ட மகிழ்ச்சியில் அருள்செல்வன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தைப் போடலாம், அதில் லைட் வெயிட்டாகவே ஒரு வகை இருக்கிறது, சின்ன லேப்டாப்புக்கென்றே செய்தது என்றார்.

“எத்தனை ஜி.எஸ்.எம். வருமுங்க?” என்றார் ராசப்பன்.

அருள்செல்வன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பார்த்தார். ராசப்பன் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கிறது என்பதுதான் ஜி.எஸ்.எம். நூற்றெண்பது என்று ஆர்டர் வாங்கிவிட்டு நூற்றறுபதில் ஓட்டிக் கொடுக்கிறவனின் துணிக்குத் திருப்பூரில் லைட் வெயிட் என்று பெயர். ராசப்பன் வாழ்நாள் முழுக்க வட்டமாகத் துணி வெட்டித் தராசில் வைத்து அந்தக் களவைக் கண்டுபிடித்தவர். லைட் வெயிட் என்று ஒருவன் பெருமையாகச் சொல்லி அவர் கேட்டதில்லை.

“எதையும் திருடலீங்கண்ணா. தேவையில்லாததை எடுத்துட்டாங்க. அவ்வளவுதான்.”

“துணியில திருடறவனும் அதைத்தான் சொல்லுவானுங்க. சரி, என்ன வெலை?”

“சும்மாவே தர்றாங்கண்ணா.”

“அப்ப செகண்ட்ஸ்ங்களா?”

தேறாமல் ஒதுக்கிய உருப்படிக்குச் செகண்ட்ஸ் என்று பெயர். அது காதர்பேட்டைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். சும்மா யாரும் தருவதில்லை. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான பேர் சம்பளமில்லாமல் உட்கார்ந்து எழுதி, இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று அருள்செல்வன் விளக்கினார். ஓவர்டைம் இல்லாமல் விளக்கை அணைக்கக்கூட எழுந்திருக்காத ஊரில் இது எடுபடவில்லை. அருள்செல்வன் கடைசியாக ஒன்று சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். உடனே போட வேண்டியதில்லை, பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் போட்டுக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் பிடுங்கிவிட்டால் போதும், லேப்டாப்பில் ஒரு கீறல் விழாது என்றார்.

ராசப்பனின் முகம் மலர்ந்ததைக் கம்பெனியில் பலர் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தார்கள்.

அன்று மாலையே வீட்டில் பென் டிரைவைச் செருகினார். உலை வைக்கும் நேரமெல்லாம் தேவைப்படவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் திரை தெளிந்து வந்தது. முதலிலேயே ஒரு கேள்வி. முயன்று பார்க்கிறீர்களா, நிறுவுகிறீர்களா? ராசப்பன் முயன்று பார்ப்பதை அழுத்தினார். தன் சுபாவத்தை இத்தனை மரியாதையாக ஒரு பொத்தானாகவே செய்து வைத்திருக்கிறார்களே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மெயில் திறந்தது. அட்டவணை திறந்தது. கட்டங்கள் அந்தந்த இடத்தில் நின்றன. கோமளா பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, இதுவே போதுமே, போட்டுவிடலாமே என்றார். ராசப்பன் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். எழுத்து கொஞ்சம் சிறியதாக இருக்கிறது என்றார்.

கமென்ட்ஸ் தொடங்கிவிட்டது என்று கோமளாவுக்குத் தெரிந்தது. அவர் அடுப்படிக்குப் போய்விட்டார்.

இந்த வகை லினக்ஸில் ஒன்றல்ல, பல உண்டு என்று அருள்செல்வன் அடுத்து சொல்லித் தொலைத்தார். ராசப்பன் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு பென் டிரைவுக்கும் சாம்பிள் அட்டை கட்டினார். அட்டையில் ஆப்ஷன் ஏ, ஆப்ஷன் பி என்று எழுதி, முன்னறைச் சுவரில் ஆணியடித்து வரிசையாகத் தொங்கவிட்டார். பார்ப்பதற்கு யாரோ நேர்த்திக்கடன் கட்டியது போல இருந்தது. ஏ-யில் எழுத்து சிறியது. பி-யில் எழுத்து சரி, ஆனால் நிறம் கொஞ்சம் மங்கல். சி-யில் நிறம் சரி, ஆனால் ஆரம்பிக்கும்போது ஒரு எலி படம் வருகிறது, வீட்டில் எலி ஆகாது. டி-யில் எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது. துணியைத் துவைத்துச் சுருக்கம் பார்ப்பது போல, ஒவ்வொன்றையும் போட்டு அணைத்துப் போட்டு அணைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அது புதிதாகப் பிறந்து வந்தது. முந்தைய முறை செய்ததில் ஒன்றுகூட அதற்கு நினைவில்லை. செய்த வினை எதுவும் ஒட்டாத ஒரு நிலையைத் தேடி எத்தனையோ பேர் காட்டுக்குப் போனார்கள். ராசப்பனுக்கு அது பென் டிரைவில் கிடைத்துவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆயுளை அங்கேயே முடித்திருப்பார்.

ஆனால் அனுசுயா டிசைனை அனுப்பிவிட்டார். குழந்தைகள் போடுகிற முழு உடுப்பு, காலுக்கு நடுவில் பட்டன் வைத்தது, சில அளவுகளில். துணியையும் ஆள் மூலம் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை காலையில் அளவு அட்டவணை மெயிலில் இருக்க வேண்டும், உடுப்புகளை அன்றே வந்து எடுத்துக்கொள்வார்கள். முன்னறை மெஷின்களின் மேலிருந்த சேலையைக் கோமளா உருவினார். ஹெல்மெட்டுகளை மாட்ட ராசப்பனிடம் வேறு ஆணி கேட்டார். அந்த வாரம் முழுக்கத் தைத்தார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன் கடைசிப் பட்டனும் வைத்தாகிவிட்டது. உடுப்புகளைக் கட்டிலில் பரப்பி, டேப் வைத்து அளந்து, அளந்ததை நேராக லேப்டாப்பில் அடித்தார். இரண்டு விரலால், உதட்டை மடித்துக்கொண்டு. மார்பு, உடல் நீளம், தோள், கை, கழுத்து அகலம், கழுத்து இறக்கம், தொடை. எல்லா அளவுகளுக்கும். முடித்ததும் சேவ் செய்தார். மகளிடம் கேட்டுக் கற்றுவைத்திருந்தார். சரியாகத்தான் செய்தார். சாப்பிட்டுவிட்டு வந்து மெயிலில் போடலாம் என்று கைகழுவப் போனார்.

ராசப்பன் வந்தார். ஆப்ஷன் டி ஓடிக்கொண்டிருந்தது. நீண்ட நேரம் ஓடியிருக்கிறது, சூடேறியிருக்கும், நல்ல நேரம், ஒருமுறை அணைத்துப் போட்டால் எப்படி எழுந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று அவருடைய தொழில்புத்தி சொன்னது. அணைத்தார். போட்டார். மிக அழகாக எழுந்தது. வழக்கம்போல எதுவும் ஞாபகமில்லாமல்.

கோமளா சாப்பிட்டுவிட்டு வந்து தேடினார். முதலில் தான் எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை என்றுதான் நினைத்தார். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தார். ராசப்பனுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

“நான் சேவ் பண்ணுனனுங்க.”

“பண்ணியிருப்பே. சேவ் ஆகும். ஆனா அணைச்சா போயிரும்.”

“அணைச்சா போயிரும்னா அப்புறம் எனத்துக்குங்க அதுக்குச் சேவுன்னு பேரு?”

பெயருக்கும் பொருளுக்கும் என்ன உறவு என்று பல நூற்றாண்டுகளாகப் பெரிய பெரிய மூளைகள் சுற்றிச் சுற்றி வருகிற இடம் இது. ராசப்பன் பென் டிரைவைத் தொட்டுக் காட்டினார். இது ட்ரையல், லேப்டாப்புக்குள் இறங்காது, இறக்கினால்தான் நிற்கும் என்று விளக்கினார். எப்போது இறக்குவீர்கள் என்று கோமளா கேட்டார். இன்னும் ஒரு ஆப்ஷன் பாக்கி இருக்கிறது, அருள்செல்வன் அதைத் திங்கட்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றார் ராசப்பன். அப்போது அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் மோசம்.

கோமளா லேப்டாப்பை விட்டு எழுந்தார். கட்டிலில் பரப்பியிருந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக மடித்தார். அளவு அப்படியேதான் இருக்கிறது, திரும்ப அளந்து அடித்தால் முடிந்தது, நானும் உதவுகிறேன் என்று ராசப்பன் சொல்லிப் பார்த்தார்.

“தொவைச்சா போற சாயத்துல நான் தெக்கறதில்லீங்க. இதுல இன்னொருக்கா அடிக்க மாட்டன்.” மடித்ததைக் கவரில் போட்டார். “சாயங்காலம் அனுசுயாவுக்குப் போன் பண்ணி, முடியாதுன்னு சொல்லிப்போடறன். பல்லடத்துக்காரங்களே தெச்சுக்கட்டும். உங்க கம்பெனில செக்கிங்குக்கு ஆள் கேக்கறாங்கன்னீங்களே, கீழ்த்தளந்தானே. நாளைக்கு நானும் கூட வர்றனுங்க.”

“இப்ப என்ன அவசரம், அம்மிணி? கொஞ்சம் பார்த்து...”

“பார்த்தாச்சுங்க” என்றார் கோமளா. சேலையை எடுத்து மெஷின்களின் மேல் போர்த்தத் தொடங்கினார்.

ராசப்பன் இதுவரை எத்தனையோ பேருடைய உருப்படிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவரைத் திருப்பி அனுப்பியவர்கள் யாருமில்லை. அவர் தன்னுடையது என்று எதையும் நீட்டியதில்லை. முன்னறையில் ஓவர்லாக் மெஷின் மூடப்பட்டது. அடுத்து பேட்லாக். ராசப்பன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

கையெழுத்துக்கு ஆள் தேடினார் என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் அருள்செல்வனைக் கூப்பிட்டார். டி-யைப் போட்டுவிடலாம் என்று நீங்கள் சொன்னீர்கள் என்றால் போட்டுவிடுகிறேன் என்றார்.

“நான் எப்படீங்கண்ணா சொல்றது? போட்டா உள்ள இருக்கறது பூரா அழிஞ்சுருமுங்க. உங்க லேப்டாப்பு, நீங்கதான் சொல்லோணும்.”

இதுவரை ராசப்பன் மற்றவர்களிடம் பேசிய பேச்சை அவரிடமே ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை. அது எவ்வளவு மரியாதையாக இருக்கிறது என்பதையும், அதைக் கேட்டவனுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பதையும் அவர் கவனித்தாரா என்று தெரியாது. அடுத்து மகளைக் கூப்பிட்டார். உள்ளே அவளுடைய கல்லூரிப் போட்டோக்கள் இருந்தன. பல வாரங்களாக, நிறுவாமலிருக்க அவற்றையும் ஒரு காரணமாக வைத்துக்கொண்டிருந்தார். அழிந்துவிடுமே கண்ணு, அப்பா என்ன செய்யட்டும் என்றார். அதெல்லாம் என் போனிலேயே இருக்கிறது அப்பா, அந்த டப்பாவில் இருப்பது யாருக்கு வேண்டும், என்னிடம் எதற்குக் கேட்கிறீர்கள் என்று தேஜஸ்ரீ சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள். வேறு யாரைக் கூப்பிடலாம் என்று ராசப்பன் போனில் பெயர்களை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். அப்பா ஆத்தப்பன் உயிரோடு இருந்திருந்தால் அவரையும் கூப்பிட்டிருப்பார்.

உள்ளே வந்தார். சிங்கர் மெஷின் மட்டும்தான் மூடப்படாமல் இருந்தது. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நிறுவு என்பதை அழுத்தினார். மொழி கேட்டது. தமிழ் என்று கொடுத்தார். இந்தக் கருவியில் உள்ள எல்லாம் அழிக்கப்படும், இதைத் திரும்பப் பெற முடியாது என்று எச்சரித்தது. அந்த வாசகத்தின் முன் அவர் உட்கார்ந்திருந்ததை வீரம் என்று சொல்வதற்கில்லை. பல்பொடி டப்பா அளவு நினைவகத்தில் மகளுக்கே வேண்டாத படங்கள்தான் இருந்தன. உலகம் தினமும் இதைவிடப் பெரிய விஷயங்களை யோசிக்காமல் அழுத்திவிட்டுப் போகிறது. ஆனாலும் அவர் அந்த வாசகத்தை இன்னொரு முறை படித்தார். கோமளா சேலையைக் கையில் பிடித்தபடி நின்றார். பார்க்காதது போலவும் நின்றார்.

ராசப்பன் அழுத்தினார்.

பட்டை ஒன்று ஊர்ந்தது. பழைய சிஸ்டமும், கல்லூரி ஆண்டு விழாவும், எத்தனையோ வருடத்து வட்டமும் போயின. நேரம் எந்த ஊர் நேரம் என்று கேட்டது. அதற்கு அவர் யோசிக்கவில்லை. அடுத்த பக்கம் வந்தது. மேலே பெரிதாக ஒரே ஒரு கேள்வி.

நீங்கள் யார்?

இதைக் கேட்பதற்கு ஞானிகளுக்கு மலையும் மௌனமும் தேவைப்பட்டன. அருள்புரத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு பென் டிரைவ், ஞாயிற்றுக்கிழமை மதியம், சோற்றுத் தட்டு இன்னும் காயாத நேரத்தில் கேட்டுவிட்டது. பதிலுக்கு இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டமும் தந்தது. ராசப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் நூல் மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று ரிவர்ஸ் எடுக்கும்போது போடும் பாட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் போனது. அது நின்ற பிறகு, ஆங்கில எழுத்துகளை ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். கோமளா என்று அடித்தார்.

கீழே பாஸ்வேர்டு கேட்டது. ஸ்டூலிலிருந்து எழுந்துகொண்டார்.

“நீயே போடு. எனக்குச் சொல்ல வேண்டாம்.”

கோமளா குனிந்து திரையைப் பார்த்தார்.

“உங்க பேரைப் போடறதுக்கென்னங்க?”

ராசப்பன் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். டீ வைக்கட்டுமா என்று கேட்டார். அவர் அதுவரை டீ வைத்ததில்லை. கோமளா சேலையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து, எதையோ அடித்தார். பிறகு கவரைப் பிரித்து உடுப்புகளைத் திரும்பவும் கட்டிலில் பரப்பினார். டேப்பின் ஒரு முனையை ராசப்பனிடம் நீட்டினார். அவர் பிடித்துக்கொண்டார். அளவுகளை வாய்விட்டுச் சொன்னார். கமென்ட்ஸ் எதுவும் சொல்லவில்லை, அல்லது வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

மெயில் அன்று மாலையே போனது. கழுத்து இறக்கத்துக்கு மட்டும் ஒரு திருத்தம் கேட்டு வந்தது. அடுத்த செட்டும் வந்தது. இப்போது முன்னறையில் ஹெல்மெட் வைக்க இடமில்லை. ஆப்ஷன் ஏ, பி, சி-யின் அட்டைகளைக் கழற்றி அருள்செல்வனிடம் பென் டிரைவ்களைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

ஒரு வேலையாகக் கம்பெனிக்கு வந்து விஷயம் தெரிந்துகொண்ட அனுசுயா, அண்ணனுக்கு எம்புட்டுப் பெரிய மனசு, லேப்டாப்பையே அக்கா பேருல எழுதிட்டாக என்றார். அருள்செல்வன் சிரித்தார். அண்ணன் இதிலும் கையெழுத்துப் போடவில்லை பாருங்கள் என்றார். இரண்டில் எது சரி என்று ராசப்பனின் முகத்தில் தேடிய இருவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. அவர் அப்போது யாரோ தைத்த ஒரு காலரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லேப்டாப்பில் ஏதாவது பார்க்க வேண்டியிருந்தால் ராசப்பன் இப்போதும் கோமளாவைக் கூப்பிட்டுத் திறந்து தரச் சொல்கிறார். கோமளா சந்தைக்குப் போயிருந்தால் வரும்வரை காத்திருக்கிறார். உங்களுக்கும் தனியாக ஒரு பெயர் சேர்த்துவிடலாம், இரண்டு நிமிட வேலை என்று அருள்செல்வன் ஒருநாள் வீட்டுக்கே வந்தார். வேண்டாமுங்க என்றார் ராசப்பன். ஏன் என்று கேட்டதற்கு, நான் டீ வைக்கிறேன், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார்.